நோவாவின் பேழையும் ராய்ஸின் கொடியும்

ராய்ஸ் பிக்கார்டுக்கு நாக்கு நீளம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த நாக்கை வைத்துத்தான் அவன் பிழைத்தான். எங்கள் ஊர் டாட்சன் ஃபெரியில் காலையிலும் சாயங்காலமும் ரேடியோவைத் திருகினால் அவன் குரல்தான். வரியைத் திட்டுவான், தலைநகரத்தைத் திட்டுவான், டிவிக்காரர்களைத் தனியாக ஒரு கால் மணி நேரம் திட்டுவான். கடைசியில் தவறாமல் ஒரு வரி: "அவனவன் கால்ல அவனவன் நில்லு, அடுத்தவனைக் குறை சொல்லாதே." முக்கால்வாசி நாள் அவன் பேசுவது எனக்கும் சரியென்றுதான் படும். நானும் குடியரசுக் கட்சிதான். என் பிரச்சினை மீதி கால்வாசி நாள்.

நான் நேடீன் காப். பாலத்தடியில் தூண்டில் கடை வைத்திருக்கிறேன். முன்பக்கம் காபியும் அவித்த வேர்க்கடலையும். பின்பக்கம் உயிர் இறாலும், மீனுக்குப் போடுகிற சில்வண்டுகள் நிறைந்த பெரிய பெட்டியும். என் கணவன் கிளீவ் பக்கத்துக் கொட்டகையில் படகு மோட்டார் பழுது பார்ப்பான். ராய்ஸும் அவனும் ஒரே பள்ளிக்கூடம். காலை நிகழ்ச்சி முடிந்ததும் ராய்ஸ் என் கடைக்கு வந்து காபி குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான்.

தேர்தல் வந்துவிட்டால் நான் கடையை மூடிவிட்டுத் தேவாலயக் கூடத்தில் வாக்குச்சாவடி மேசைக்குப் போய்விடுவேன். எங்கள் கட்சிக்கு ஓர் ஆள், ஜனநாயகக் கட்சிக்கு ஓர் ஆள். அந்தப் பக்கத்து ஆள் மிஸ் யூடோரா கெய்ன்ஸ், ஓய்வு பெற்ற நர்ஸ். என் கட்சி அடியோடு தப்பு என்பது அவர் முடிவு. அவர் கட்சி அடியோடு தப்பு என்பது என் முடிவு. இதில் இருவருக்கும் சந்தேகமே இல்லாததால் நாங்கள் சண்டை போட்டதில்லை.

இரண்டாயிரமாவது வருஷம் ஜனாதிபதித் தேர்தலுக்கு வந்த சாமான் பெட்டியைப் பிரித்தபோது எல்லாம் இருந்தது, ஸ்டிக்கர் இல்லை. கொடி படம் போட்டு 'நான் ஓட்டுப் போட்டேன்' என்று எழுதிய ஸ்டிக்கர். அது இல்லாமல் எங்கள் ஊரில் ஒருத்தரும் கூடத்தை விட்டு நகரமாட்டார்கள். முதலில் வந்தவர் பாதிரியார் வெண்டெல். ஓட்டைப் போட்டுவிட்டுக் கையை நீட்டியபடி நின்றார். "இல்லைங்க" என்றேன். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

மிஸ் யூடோரா எழுந்து போய் ஞாயிறு பள்ளி அலமாரியைத் திறந்து ஒரு கட்டு எடுத்து வந்தார். நோவாவின் பேழை. பிள்ளைகளுக்குக் கொடுக்கிற மிருக ஸ்டிக்கர்கள்.

"ஐயோ, யானை இருக்கே!" என்றேன்.

"இருந்தா?"

"நம்ம சின்னம். சாவடிக்குள்ள கட்சிச் சின்னம் குடுத்தா உங்க ஆளுங்களே என்னைத் தூக்கி உள்ள போடுவாங்க."

"அப்போ கழுதை?"

"அது உங்க சின்னம். அதுவும் கூடாது."

ஆக, உலகத்தையே அழித்த வெள்ளத்துக்குத் தப்பின இரண்டு பிராணிகளை நாங்கள் கத்தரிக்கோலால் வெட்டி வெளியேற்றினோம். எனக்கு ஆசை வந்துவிடக் கூடாதென்று யானைகளை அவர் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். கழுதைகளை என்னிடம் கொடுத்தார். அன்றைக்கு ஊரே ஒட்டகச்சிவிங்கியும் திமிங்கிலமும் புறாவும் ஒட்டிக்கொண்டு போனது. பாதிரியாருக்கு ஒட்டகம்.

எங்கள் மேற்கு ஓரத்தில் கடிகாரம் மற்ற ஃப்ளோரிடாவைவிட ஒரு மணி பின்னால். இதைப் பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும். அன்றைக்கு டிவிக்காரர்களுக்கு மட்டும் தெரியவில்லை. எங்களுக்கு வாக்குப்பதிவு முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போதே ஃப்ளோரிடா ஜனநாயகக் கட்சிக்குத்தான் என்று அறிவித்துவிட்டார்கள். வெளியே ட்ரக் விளக்குகள் கூடத்து வாசல் வரை வந்து திரும்பிப் போவதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

நான் இரண்டு பேருக்காகக் காத்திருந்தேன். ஒருவன் கிளீவ்; மோட்டார் வேலை முடித்துவிட்டு வருகிறேன் என்றிருந்தான். இன்னொருவன் ராய்ஸ். சாயங்காலம் முழுக்க ரேடியோவில், "இந்த ஊர்ல கடைசி ஓட்டு என்னோடதுதான், நேடீன், கதவைத் திறந்தே வை!" என்று முழங்கிக்கொண்டிருந்தான். ஏழு அடித்தது. கதவைச் சாத்தினோம். இருவரும் வரவில்லை.

வீட்டுக்குப் போனால் கிளீவ் மடவை மீனைத் தானே பொரித்து, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி இரண்டாம் தட்டுப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"ஓட்டு?"

"பாதி வழியில ட்ரக் ரேடியோல முடிஞ்சுபோச்சுன்னான். திரும்பிட்டேன்."

கன்னாபின்னாவென்று திட்டினேன். அவன் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தான். விடிவதற்குள் டிவிக்காரர்கள் சொன்னதை வாபஸ் வாங்கி, எங்கள் ஆளுக்குக் கொடுத்து, அதையும் வாபஸ் வாங்கிவிட்டார்கள். நாட்டுக்கு ஜனாதிபதி யார் என்பது எங்கள் மாநிலத்தில், எங்கள் ஆளுக்கு ஒரு கைப்பிடி ஓட்டு அதிகம் என்கிற இடத்தில் வந்து தொங்கியது. காலையில் கடையில் கிளீவ் நான் சுட்டு வைத்த பிஸ்கட் ரொட்டியைத் தொடவே இல்லை. முகம் செத்துப்போயிருந்தது.

அந்த நேரம் பார்த்து ராய்ஸ் வந்தான். சட்டைப் பையில் ஸ்டிக்கர். கொடி படம் போட்ட ஸ்டிக்கர்.

"எங்கடா கிளீவ் உன் ஸ்டிக்கர்?"

கிளீவுக்குப் பொய் வராது. நடந்ததைச் சொன்னான்.

"பத்து நிமிஷம் இருந்துதேடா! டிவில எவனோ சொன்னான்னு வாலைச் சுருட்டிக்கிட்டு ஓடிட்டியா? நம்ம ஆளு இப்ப ஒவ்வொரு ஓட்டுக்கும் தவிக்கிறான். பாரு, இதைப் பாரு!" பையைத் தட்டிக் காட்டினான்.

நானும் பார்த்தேன். நீலம் வெளுத்திருந்தது. நான்கு வருஷத்துக்கு முந்தைய ஸ்டிக்கர். அவன் ட்ரக்கின் வெயில் மறைப்பில் ஒட்டியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அடப்பாவி என்று வாய் வரை வந்துவிட்டது. ஆனால் சாவடியில் யார் வந்தார், யார் வரவில்லை என்று வெளியே பேசமாட்டேன் என்பது நான் எனக்கே போட்டுக்கொண்ட சட்டம். அதனால் வேறு கேட்டேன்.

"ஏன் ராய்ஸ், காலையில ரேடியோல டிவிக்காரன் ஜனங்களை ஏமாத்திட்டான்னு கத்தினியே. அப்போ கிளீவ் ஏமாந்தவன்தானே? இல்ல, கிளீவ் சோம்பேறின்னா டிவிக்காரன் மேல என்ன தப்பு? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

"அது வேற, இது வேற" என்று சொல்லி, காபியை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் ரேடியோவில் வக்கீல்களையும், துளைபோட்ட வாக்குச் சீட்டைப் பூதக்கண்ணாடியில் பார்க்கிறவர்களையும் ஒரு பிடி பிடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "நண்பர்களே, நம்ம ஊர்லயே ஒருத்தன் பாதி வழியில திரும்பிட்டான். பேரு சொல்லமாட்டேன், அது நாகரிகம் இல்ல. தூண்டில் கடைக்காரியோட புருஷன்னு மட்டும் சொல்றேன்."

ஊரில் ஒரே தூண்டில் கடை.

கிளீவ் அதோடு வெளியே வருவதை நிறுத்திவிட்டான். மோட்டார் கொடுத்திருந்தவர்கள் வந்தால் கொட்டகைக் கதவைப் பாதி திறந்து பேசினான். முடிதிருத்தும் கடையில் அவனுக்கு 'பத்து நிமிஷம்' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். என் புருஷனை நான் திட்டலாம். ராய்ஸ் யார் திட்ட?

மிஸ் யூடோராவுக்குப் போன் போட்டேன்.

"நீ வாயைத் திறக்காதே, கண்ணு" என்றார். "அவனால பேசாம இருக்க முடியாது. பேசிப் பேசி அவனே வந்து மாட்டுவான். நீ காபி மட்டும் ஊத்திக் குடு."

வெள்ளிக்கிழமையே மாட்டினான். சனிக்கிழமை காலை நிகழ்ச்சி என் கடை வாசலிலிருந்து நேரலை என்று அறிவித்தான். ஒரு பெரிய பலகை. ஊரில் ஓட்டுப் போட்ட அத்தனை பேரும் ஸ்டிக்கரைக் கொண்டுவந்து அதில் ஒட்ட வேண்டும். பலகையைத் தலைநகருக்கு அனுப்பி, இங்கே ஓட்டுப் போட்டவர்கள் யாரென்று வக்கீல்களுக்குக் காட்டுவோம். "முதல் ஸ்டிக்கர் என்னோடது!"

பிறகு கடைக்கு வந்து தயங்கித் தயங்கி, "நேடீன், இடம் குடுப்பியா?" என்றான்.

"தாராளமா. காபியும் இலவசம்" என்றேன்.

அவன் சந்தேகமாகப் பார்த்தான். நான் வேர்க்கடலை நீரை வடித்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை கூட்டம் நெரிந்தது. ராய்ஸ் ஒலிவாங்கியைப் பிடித்து, கம்பீரமாகத் தன் கொடியைப் பலகை நடுவில் ஒட்டினான். ஜனங்கள் கை தட்டினார்கள். முதல் ஆளாகப் பாதிரியார் வெண்டெல் வந்தார். வேதாகம அட்டையிலிருந்து பத்திரமாக உரித்த ஒட்டகத்தைக் கொடிக்குப் பக்கத்தில் ஒட்டினார். ராய்ஸ் சிரித்தான்.

"பாதிரியாரே, இது ஞாயிறு பள்ளி சமாச்சாரம். ஓட்டு ஸ்டிக்கர் எங்கே?"

"இதுதானே ஓட்டு ஸ்டிக்கர்" என்றார் பாதிரியார்.

அவருக்குப் பின்னால் வந்தவர் ஒட்டகச்சிவிங்கி ஒட்டினார். அடுத்தவர் திமிங்கிலம். ஒருவர் தன் வேலைத் தொப்பியைக் கழற்றி அதிலிருந்த புறாவைச் சுரண்டி எடுத்தார். பலகையில் பேழை நிரம்பிக்கொண்டே வந்தது. நடுவில் அந்த ஒரே கொடி, வெளுத்துப்போய்.

பாதிரியார் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து பலகையைப் பார்த்தார். கள்ளம் கபடம் இல்லாத மனிதர். ஒலிவாங்கிக்கு நேராகவே கேட்டார். "ராய்ஸ், கொடி ஸ்டிக்கர் வரவே இல்லைன்னாங்களே. உனக்கு மட்டும் எங்கே கிடைச்சுது?"

ராய்ஸ் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. என்னைப் பார்த்தான். நான் மிஸ் யூடோராவின் கோப்பையில் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எங்கள் வட்டாரம் முழுக்க ரேடியோவில் என் கடைச் சில்வண்டுகளின் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லையாம். ரேடியோக்காரனுக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

அப்போது கொட்டகைக் கதவு திறந்தது. மூன்று நாளாக வெளியே வராத கிளீவ் கையைத் துணியில் துடைத்தபடி வந்து நின்றான். அவனும் உள்ளே ரேடியோ கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். கூட்டம் விலகி வழிவிட்டது. திட்டப் போகிறான் என்று நினைத்தேன். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"எங்கடா போன?" என்று சாதாரணமாகக் கேட்டான்.

ராய்ஸ் ஒலிவாங்கியைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான். "ஆறே முக்காலுக்கு நிகழ்ச்சி முடிஞ்சுது. கிளம்பறப்போ டிவில போச்சுன்னான். நான்... கெளுத்தி மீன் சாப்பிடப் போயிட்டேன்."

"நல்லா இருந்துதா?"

"தொண்டையில இறங்கல கிளீவ்" என்றான். பிறகு ஒலிவாங்கியைக் கிட்ட இழுத்து, நான் அதுவரை கேட்டிராத சின்னக் குரலில் சொன்னான். "நண்பர்களே, பாதி வழியில திரும்பினவன் இவன் மட்டும் இல்ல. இவன் உண்மையைச் சொன்னான். நான் சொல்லல."

எனக்கு அவன் மேல் இருந்த கோபம் அந்த இடத்தில் பாதி போய்விட்டது. மீதிப் பாதிக்காக, மேசையைச் சுற்றி வந்து, என் கைப்பையிலிருந்து ஒரு ஸ்டிக்கரை உரித்து அவன் சட்டைப் பையில் ஒட்டினேன்.

குனிந்து பார்த்தவன் அலறினான். "கழுதையா! எனக்கா! யானை இல்லையா?"

"என்கிட்ட கழுதைதான் இருக்கு. யானையெல்லாம் மிஸ் யூடோராகிட்ட."

"தீர்ந்துபோச்சு" என்றார் மிஸ் யூடோரா, கைப்பையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு.

நிகழ்ச்சி முடிகிற வரை ராய்ஸ் எதிர்க்கட்சிச் சின்னத்தை நெஞ்சில் சுமந்தபடி பேசினான். அவன் நிகழ்ச்சியை அதற்கப்புறம் ஜனங்கள் இன்னும் அதிகமாகத்தான் கேட்டார்கள். 'பத்து நிமிஷம்' என்ற பட்டப்பெயர் கிளீவை விட்டு ராய்ஸிடம் போய்ச் சேர்ந்தது.

இரண்டு வாரம் கழித்து மாநிலம் முடிவை எழுதிக் கையெழுத்துப் போட்டது. எங்கள் ஆளுக்கு ஐநூற்று முப்பத்தேழு ஓட்டு அதிகம். வழக்குகள் அப்புறமும் இழுத்தன, அது வேறு கதை. மறுநாள் காலை கடையில் நானும் கிளீவும் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தோம்.

"ஐநூத்து முப்பத்தேழு!" என்றான் ராய்ஸ். "நானும் என் நண்பன் கிளீவும் கடமையைச் செஞ்சிருந்தா ஐநூத்து முப்பத்தொம்பது ஆகியிருக்கும். எங்களை மன்னிச்சிடுங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கிளீவ் பிஸ்கட்டைக் குழம்பில் தோய்த்தான்.

"தப்பு" என்றான்.

"எது தப்பு?"

"கணக்கு. நாங்க ரெண்டு பேரும் போயிருந்தாலும் ஐநூத்து முப்பத்தேழுதான்."

எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. அன்று ராத்திரி இரண்டாம் தட்டு மீன். முணுமுணுத்த பாட்டு. விடிந்ததும் செத்துப்போன முகம். தன் ஜனநாயகக் கட்சி ஜெயித்துவிட்டது என்று நினைத்துத்தான் திரும்பியிருக்கிறான்! இருபத்திரண்டு வருஷமாக என் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறவன்.

"எப்பலேர்ந்து?" என்றேன்.

"நீ கேக்கவே இல்லையே" என்றான், வாயில் பிஸ்கட்டோடு.

கைப்பையில் தேடினேன். கடைசியாக ஒரு கழுதை மிச்சம் இருந்தது. உரித்து அவன் நெற்றியில் ஒட்டினேன். அவன் அதை எடுக்கவே இல்லை; அப்படியே மோட்டார் பழுது பார்க்கப் போனான்.