முதல் அகப்பைச் சோறு

"அக்கா, பருப்பு மணக்குது. இண்டைக்கு என்ன விசேசம்?"

நகுலேஸ்வரி தோட்டத்துக் கொட்டிலின் கதவை முதுகால் சாத்திக்கொண்டு நின்றாள். தம்பி நிர்மலன், புல்லு வெட்டும் மெஷினுக்கும் பழைய மெத்தைக்கும் நடுவில் கால் நீட்டி இருந்தான். சீனி வியாதியில் புண்ணாகிப்போன வலது பாதத்தில் அவள் காலையில் சுற்றிவிட்ட துணி மறுபடி நனைந்திருந்தது.

"உனக்குத் தெரியாதோ?"

"என்னத்தை?"

"குகநாதன்ரை திவசம்."

"விசர்க் கதை கதைக்காதை. அது பதினெட்டாம் திகதி எல்லோ. அதுக்கு முன்னம் போயிடுவன் எண்டுதானே வந்தனான்."

"செத்தது பதினெட்டிலை. திவசம் திதிக்குத்தான் வரும். இந்த முறை முந்தி வந்திட்டுது."

"பிரான்சிலை எனக்கு ஆர் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்லுறது?"

குகநாதன், நகுலேஸ்வரியின் கணவர் தேவராசாவுக்கு ஒரே தம்பி. இருபது வருடத்துக்கு முன்னர், லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வெளியே, கார்கள் நிற்கும் இடத்தில் வைத்து நிர்மலன் அவனைக் கத்தியால் குத்தினான். அதற்கு முன்பு குகநாதனின் கூட்டம் நிர்மலனின் சிநேகிதன் ஒருவனை அடித்து ஒரு கண்ணைக் கெடுத்திருந்தது. கண்ணுக்குப் பதிலாக உயிர் போயிற்று. பொலிஸ் வீடு வீடாகத் தட்டிக்கொண்டு திரிந்தபோது நிர்மலன் கடல் கடந்துவிட்டிருந்தான். செத்தவீட்டில், பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே தேவராசா மனைவிக்குச் சொன்னார்: "உன்ரை தம்பி இனி எங்கட நன்மை தின்மைக்கு இல்லை." சபை கேட்கத்தான் சொன்னார். நகுலேஸ்வரி சபை பார்க்கத் தலையாட்டினாள்.

அந்தத் தலையாட்டலை அவள் இவ்வளவு காலமும் காப்பாற்றித்தான் வந்தாள். போன கிழமை சட்டனில் இருக்கும் இந்த வீட்டின் பின்கேற்றில் ஒருவன் நொண்டிக்கொண்டு நின்று "அக்கா" என்று கூப்பிடும்வரை.

"இன்சுலின் ஊசி போட்டிட்டன், சாப்பிடேல்லை. கை நடுங்குது, பார்."

"சீனித் தண்ணி தந்தனான் எல்லோ."

"அது காணாது. ஒரு துண்டு பாணும் இல்லையோ?"

"முடிஞ்சுது. வாங்கப் போனால் எங்கை போறாய் எண்டு அத்தான் கேப்பார்."

"அப்ப சோறு கொண்டு வா."

"இன்னும் படைக்கேல்லை, நிர்மலன். ஐயர் இப்பதான் வந்திருக்கிறார். விம்பிள்டனிலை வேறை வீட்டுத் திவசம் முடிச்சிட்டு வர இவ்வளவு நேரம்."

அவன் நெற்றி வேர்த்திருந்தது. மாசி மாதத்துக் குளிரில் வேர்வை. உதடு வெளுத்துக்கொண்டு வந்தது.

திவசத்தன்று படையல் முடியும்வரை அந்த வீட்டில் ஒருவரும் வாய் நனைப்பதில்லை. சோற்றுப் பானையில் முதல் அகப்பை போடுவது செத்தவனின் பெண்சாதி சந்திரவதனா. அந்தச் சோறு படையல் இலைக்கு. பிறகு காகத்துக்கு. அதன் பிறகுதான் மற்றவர்களுக்கு. சந்திரவதனா பேக்கரிக்கு இரவு ஷிப்ட் போன காலத்தில் அவளுடைய மகன் அபிஷன் நகுலேஸ்வரியின் மடியில்தான் படுத்து வளர்ந்தான். அந்தச் சின்ன வயதில்கூட அவன் திவசத்தன்று சோறு கேட்டதில்லை.

நகுலேஸ்வரி குசினிக்குப் போனாள். முன்னறையில் ஐயர் மந்திரம் சொல்ல, அபிஷன் தடக்கித் தடக்கித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தான். மூடியைத் திறந்து, பானையின் ஓரமாக ஒரு அகப்பை எடுத்துக் கோப்பையில் போட்டாள். குழியை அகப்பையின் முதுகால் தடவிச் சமப்படுத்தினாள். எடுத்த சோற்றில் பருப்பு ஊற்றி, கோப்பையை முந்தானையால் மூடிக்கொண்டு கொட்டிலுக்குப் போனாள்.

நிர்மலன் ஒரு பிடி உருட்டி, வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய் நிறுத்தினான்.

"ஆருக்கு வைச்ச சோறு எண்டு தெரிஞ்சும் தின்னுறன், பார்."

"பேசாமல் தின்."

"நல்லாயிருக்கு."

"நான் கேக்கேல்லை."

அவன் தின்று முடித்தபின் நகுலேஸ்வரி திரும்பி வந்தபோது ஐயர் வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். தேவராசா நாற்காலியில் முழங்காலைத் தடவிக்கொண்டு இருந்தார். அபிஷன் ஈர வேட்டியோடு அவருக்கு முன்னால் நின்றான்.

"பெரியப்பா, அவன் பாரிசிலை இல்லை. அவன் வேலை செய்த கடைக்காரனே சொல்லுறான். ஹி இஸ் ஹியர். லண்டனிலைதான்."

"லண்டன் பெரிசு, தம்பி."

"எங்கட ஆக்களுக்குச் சின்னன். ஐ வில் ஃபைண்ட் ஹிம்."

"கண்டுபிடிச்சு?"

அபிஷன் வேட்டித் தலைப்பைப் பிழிந்தான். தேவராசா திருப்பிக் கேட்கவில்லை. கேட்காமல் எட்டி அவன் கையைத் தட்டினார். "கொப்பன்ரை ரத்தம் எல்லோ" என்றார்.

நகுலேஸ்வரி வாழையிலையைத் துடைக்கப் போனாள். சந்திரவதனா அவளுக்குப் பின்னாலேயே குசினிக்குள் வந்து அகப்பையைக் கையில் எடுத்தாள்.

"போடட்டோ, அக்கா?"

"போடு, சந்திரா."

மூடி திறந்தது. அகப்பை இறங்கவில்லை. வடிக்காமல் வைத்த சோறு வெந்து அடங்கும்போது மேலெல்லாம் ஆவி போன துளை துளையாக இருக்கும். பானையின் ஒரு பக்கத்தில் மட்டும் துளை இல்லை. பூசி மெழுகின சுவர் போல ஒரு கையகலம்.

"ஆருக்கு எடுத்தனீங்கள்?"

"எனக்குத்தான். தலை சுத்திச்சுது."

"உங்களுக்கோ. ஒப்பரேசன் முடிஞ்சு வந்த வருசமும் தண்ணி குடியாமல் நிண்டனீங்கள்." சந்திரவதனா பின்கதவடியில் கிடந்த செருப்பைப் பார்த்தாள். நனைந்து, புல்லு ஒட்டிக் கிடந்தது. "அவன் கொட்டிலிலையோ?"

நகுலேஸ்வரி இலையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எத்தினை நாளாய்?"

"ஒரு கிழமை. காலிலை புண், சந்திரா. நடக்க மாட்டான்."

"என்ரை மனிசனும் நடக்கேல்லைத்தான். தூக்கிக்கொண்டு வந்தவை."

பருப்புச் சட்டியில் கொதி அடங்கியிருந்தது. முன்னறையில் தேவராசா செருமினார்.

"சத்தம் போடு, சந்திரா. கத்து. நான் தடுக்கேல்லை."

"கத்தினால் அபிஷன் வருவான். அவன்ரை கார் டிக்கிக்குள்ளை என்ன கிடக்குது எண்டு உங்களுக்குத் தெரியுமோ? எனக்குத் தெரியும். உங்கட தம்பிக்காக என்ரை பிள்ளை உள்ளுக்குப் போறதோ?" அகப்பையைக் கீழே வைத்தாள். "பொலிசுக்குப் போன் அடியுங்கோ."

"நீ அடி. நான் பார்த்துக்கொண்டு நிக்கிறன்."

"நான் அடிச்சால் எனக்கு ஆறாது, அக்கா. இவ்வளவு வருசமும் இந்தச் சோத்தை நீங்கள் சமைச்சியள், நான் கொறிச்சுப் போட்டு எழும்பினன். நீங்கள்தான் காட்டிக் குடுக்கவேணும். உங்கட வாயாலை."

"நான் உனக்கு என்ன செய்தனான்? உன்ரை பிள்ளையை வளர்த்தனான்."

"வளர்த்தனீங்கள். அதுதான் கேக்கிறன். பிள்ளை வேணுமோ, தம்பி வேணுமோ?"

"இப்பிடிக் கேக்காதை."

"அத்தான் காகத்துக்கு வைக்கிற சோறு எப்பவும் கொட்டில் கூரையிலைதான். அவருக்கு முழங்கால் ஏலாது, அபிஷன்தான் கொண்டுபோவான். ரெண்டு பேரும் பசியோடை இருக்கினம். இன்னும் கொஞ்ச நேரத்திலை எங்கை சோறு எண்டு கேப்பினம். அப்பளம் பொரிக்கிறன் எண்டு சொல்லி நான் அவையைக் கொஞ்சம் பிடிச்சு வைக்கிறன். அவ்வளவுதான் என்னாலை ஏலும்."

சந்திரவதனா அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைத்தாள். நகுலேஸ்வரி டெலிபோனை எடுத்துக்கொண்டு மாடிக் குளியலறைக்குப் போய்க் கதவைப் பூட்டினாள். தனக்குத் தெரிந்த இங்கிலிசில் சொன்னாள். என் தம்பி. ஒரு ஆளைக் கொன்றவன். என் தோட்டத்தில் இருக்கிறான். டெலிபோனின் மறுமுனைப் பெண் பொறுமையாகக் கேட்டாள், அவன்தான் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று.

"ஐ குக் ஃபார் ஹிம்" என்றாள் நகுலேஸ்வரி.

அவள் இறங்கி வந்தபோது அப்பளம் ஒரு தட்டம் நிறையக் குவிந்திருந்தது. சந்திரவதனா இன்னும் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"ஊருக்கே சாப்பாடோ, பிள்ளை?" என்று தேவராசா முன்னறையிலிருந்து கேட்டார்.

"முடிஞ்சுது, அத்தான். கடைசி."

பொலிஸ் முன்பக்கத்தாலும் பின்கேற்றாலும் ஒரே நேரத்தில் வந்தது. அபிஷனுக்கு விளங்க ஒரு கணம் பிடித்தது. விளங்கியதும் பின்கதவுக்குப் பாய்ந்தான். அங்கே இரண்டு பொலிஸ்காரர் குறுக்கே நின்றார்கள். அவர்களின் தோளுக்கு மேலால் பார்த்தான். கைவிலங்கோடு, ஒரு காலில் மட்டும் செருப்போடு, நரைத்த ஒரு மனிதனை நடத்திக்கொண்டு போனார்கள். இவ்வளவு காலமும் அவன் தேடியது ஒரு பழைய படத்தில் இருந்த இளந்தாரியை.

குசினி யன்னலடியில் நிர்மலன் நின்றான். பொலிஸ்காரரும் நின்றார்கள்.

"ஆரக்கா சொன்னது? சந்திராவோ?"

யன்னலுக்கு இந்தப் பக்கம் இரண்டு பெண்களும் நின்றார்கள்.

"நான்தான்" என்றாள் நகுலேஸ்வரி.

"அவள் சொல்லியிருந்தால் எனக்கு ஒண்டுமில்லை" என்றான் அவன். நொண்டிக்கொண்டு போனான். கோப்பையை ஒரு பொலிஸ்காரர் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். ஓரத்தில் பருப்பு காய்ந்திருந்தது.

"ஒரு கிழமையாய்?" பொலிசுக்கு அவள் சொன்னதைக் கேட்டபடி அபிஷன் குசினி வாசலில் நின்றான். "புதன்கிழமை நான் வந்தனான், பெரியம்மா. இந்த மேசையிலை இருந்து சாப்பிட்டனான். அவனுக்கும் அதே சாப்பாடோ?"

"அதே சாப்பாடுதான்."

"இண்டைக்கும்? அப்பாக்கு முதல்?"

"அவனுக்கு ஏலாமல் வந்திட்டுது, அப்பு. கை நடுங்கிச்சுது."

"யூ ஃபெட் ஹிம் ஃபர்ஸ்ட்."

"உனக்காகத்தான்ரா பொலிசைக் கூப்பிட்டனான். நீ போய்..."

"எனக்காக வேண்டாம்." அவன் கார்ச் சாவியை எடுத்தான். "உங்கட கையாலை எனக்கு இனி ஒண்டும் வேண்டாம்."

ஈர வேட்டியோடேயே போனான். கார் கிளம்பும் சத்தம் கேட்டது. தேவராசா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். மனைவியை ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

"வைச்சிருந்ததுக்கு அடிக்கிறதோ, காட்டிக் குடுத்ததுக்குக் கும்பிடுறதோ. எனக்குத் தெரியேல்லை, நகுலா. என்னோடை கதையாதை."

"கதைக்கேல்லை."

"அத்தான், இருங்கோ" என்றாள் சந்திரவதனா. "படைக்கவேணும்."

"அந்தச் சோறு எச்சில்."

"அக்கா வேறை சோறு வைப்பா."

நகுலேஸ்வரி வேறு சோறு வைத்தாள். பழையதைக் குப்பைப் பைக்குள் கவிழ்த்து, பானையைத் தேய்த்துக் கழுவி, அரிசி அளந்து போட்டாள். வேகும்வரை அடுப்படியிலேயே நின்றாள். சோறு அடங்கியதும் சந்திரவதனா வந்து மூடியைத் திறந்து பார்த்தாள். துளைகள் சுற்றிவர இருந்தன. முதல் அகப்பை இறங்கியது. குகநாதனின் படத்துக்கு முன்னால் இலை நிறைந்தது. அபிஷன் இல்லாதபடியால் காகத்துச் சோற்றை நகுலேஸ்வரிதான் கொண்டுபோனாள். கதவு திறந்து கிடந்த கொட்டிலின் கூரையில் வைத்தாள். காகம் உடனே வந்தது.

மேசையில் தேவராசா இரண்டு வாய் தின்றுவிட்டு எழும்பிக் கை கழுவினார். சந்திரவதனா பருப்பு விட்டுப் பிசைந்தாள். கத்தரிக்காயை வழித்துத் தின்றாள். அப்பளத்தை நொறுக்கிப் போட்டாள். அந்தத் திவசச் சோற்றை அவள் ஒரு வருடமும் முழுதாகத் தின்றதில்லை. இலை வெறுமையாகும்வரை தலை நிமிரவில்லை. பிறகு இலையைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

"இன்னும் ஒரு அகப்பை போடுங்கோ, அக்கா."

நகுலேஸ்வரி போட்டாள்.