ஆம்புரோஸ் போட்ட ஒற்றைப் பந்து

எதிரணிக்காரன் தன்னை இடித்துத் தள்ளியதற்கு நடுவர் விசில் ஊதியதும் ஆம்புரோஸ், பதினோரு வருடப் பழக்கத்தில், இடுப்பில் கைவைத்து ஒதுங்கி நின்றான். கூடைப்பந்தாட்டம் சமநிலை. இன்னும் அரை நிமிடம்தான்.

"எங்கடா ஒதுங்குற? அடி வாங்கினவன்தான் போடணும். சட்டம் மாறிப்போச்சு" என்றான் அவன் அணியின் ஹோய்ட்.

இதுவரை ட்ரெண்டன் ஊர் அணிக்கு, எதிரணியின் ஃபவுலுக்காகக் கிடைக்கும் பந்துகளையெல்லாம் ஹோய்ட் ஒருவனே போட்டுவந்தான். ஆம்புரோஸின் வேலை வேறு. வாரமெல்லாம் பீங்கான் சூளையில் தட்டு அடுக்குவான். சனிக்கிழமை சாயங்காலம் பந்து வெளியே போகாமலிருக்க ஆடுகளத்தைச் சுற்றிக் கட்டிய கம்பி வலைக்குள் இறங்கி, எதிராளிகளை அதில் மோதவைப்பான். அவன் முதுகிலும் வலையின் கட்டங்கள் சிவப்பாகப் பதிந்திருக்கும். கூடையைப் பார்த்து அவன் பந்தைத் தூக்கியதை ஊரில் யாரும் கண்டதில்லை. இந்தப் பருவத்தோடு அவனை நிறுத்திவிடலாம் என்று மேலாளர் சொல்லிக்கொண்டிருப்பதும் அவன் காதுக்கு வந்திருந்தது.

கூடைக்கு நேரே இருந்த கோட்டில் போய் நின்றான். அரங்கமே மூச்சடக்கிக் கிடந்தபோது மேல்வரிசையிலிருந்து அவன் மனைவி வின்னியின் குரல் வந்தது.

"ஆம்புரோஸ்! வீட்டுல அழுக்குத்துணிக் கூடைக்குள்ள தெனமும் போடுறியே, அதே மாதிரி போடு!"

வலைக்கு அப்பால் ஆயிரம் பேர் சிரித்தார்கள். எதிரணிக்காரன் ஒருவன், "அண்ணி, கூடைய இங்க கொண்டாங்க!" என்று கத்தினான். ஆம்புரோஸுக்குக் காது சிவந்தது. பிறகு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே முழங்காலை மடக்கி, இரண்டு கையாலும் கீழேயிருந்து பந்தை வீசினான். கூடைக்குப் பின்னாலிருந்த பலகையில் பட்டு, வளையத்தில் இரண்டு சுற்று சுற்றி, போனால் போகிறது என்பதுபோல் உள்ளே விழுந்தது.

மிச்சமிருந்த நேரத்தில் எதிரணியின் உயரக்காரனை அவன் நகரவே விடவில்லை. ட்ரெண்டன் ஒரு புள்ளியில் ஜெயித்தது.

ஆட்டம் முடிந்ததும் வழக்கம்போல வலையைச் சுருட்டினார்கள், சனிக்கிழமை நடனத்துக்கு வாத்தியக்காரர்கள் வந்தார்கள், ஜோடிகள் ஆட இறங்கின. மேலாளர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "அடுத்த வருஷமும் வந்துரு" என்று மட்டும் சொன்னார்.

ஆம்புரோஸ் பந்தோடு அதே கோட்டில் போய் நின்றான். மறுபடி போட்டான், தவறியது. மறுபடியும். நான்காவது பந்து வளையத்தைத் தொடக்கூட இல்லை.

"அப்ப அது குருட்டு அதிர்ஷ்டமா?" என்றாள் வின்னி.

"நீ வேணா போட்டுப் பாரேன்."

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பந்தை வாங்கி, பாவாடையைச் சற்று உயர்த்திச் செருகிக்கொண்டு முழங்காலை மடக்கினாள். ஆடிக்கொண்டிருந்த ஜோடிகள் ஒவ்வொன்றாக நின்றன. ஊதுகுழல்காரரும் வாயிலிருந்து குழலை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.