சத்தம் வைத்த செருப்பு

வடசேரிச் சந்தைக்குப் போகிற வழியில் செய்யது அலி சாயிபின் செருப்புக் கடை இருந்தது. கடை என்றால் ஒற்றைக் கதவு, உட்காரச் சாக்கு, தோல் ஊறும் தொட்டி, அவ்வளவுதான். ஆனால் சத்தச் செருப்பு வேண்டுமென்றால் குளச்சலிலிருந்துகூட அவரைத் தேடி வருவார்கள். இரண்டு அடித்தோலுக்கு நடுவே காய்ந்த தோல் துண்டு ஒன்றை ஒட்டாமல் வைத்துத் தைப்பார். நடந்தால் கிறீச், கிறீச் என்று கேட்கும். ஊரில் பாதிப் பேர் வெறுங்காலோடு நடந்த காலம் அது. செருப்புப் போட்டவனுக்கு அது நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா? இந்தப் பவிசு எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. ஆனால் அந்தச் சத்தம் இல்லாமல் இந்தக் கதை இல்லை.

மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் ரசலையனிடம் அப்படி ஒரு ஜோடி இருந்தது. பவிசுக்காக அல்ல, அம்மா பூங்கனிக்காக. அவளுக்குக் கண் தெரியாது. மூத்தவனோ வாய் திறந்து பேசுவதே அபூர்வம். முற்றத்தில் கிறீச் என்று கேட்டதும், "மூத்தவன் வந்தாச்சு" என்பாள். அவன் வந்து அவள் நெற்றியில் கை வைத்துவிட்டுப் பேசாமல் போவான். இளையவன் ஜெபதாஸ் வெறுங்காலன். சந்தையில் தேங்காய் வியாபாரம். அவன் வருவது காலால் தெரியாது, வாயால் தெரியும். தெருமுனையிலேயே பேச்சைத் தொடங்கிவிடுவான்.

மற்றபடி அண்ணன் தம்பி இருவரும் உடம்பும் குரலும் ஒரே அச்சு. சின்ன வயதில் ஒருவன் மற்றவனாகப் பேசி அம்மாவை ஏமாற்றுவார்கள். உம்மணாமூஞ்சி ரசலையன்கூட அந்த விளையாட்டில் மட்டும் தம்பியைப் போல வாயாடுவான்.

அந்த மழைக்காலத்தில் பரீட்சை எழுத பஸ் ஏறித் திருவனந்தபுரம் போன ரசலையன் அங்கே வாந்திபேதியில் செத்துப்போனான். ஜெபதாஸ் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. தகரப் பெட்டியையும் செருப்பையும் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தான். அப்போது பூங்கனி நெஞ்சு வலியில் படுத்த படுக்கை. அதிர்ச்சியான செய்தி எதுவும் காதில் விழக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அவளோ, "மூத்தவன் எப்பம் வருவான்?" என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஜெபதாஸ் செருப்பை எடுத்துக்கொண்டு சாயிபிடம் வந்தான்.

"சாயிபு, மழையில நனைஞ்சு இதுல சத்தம் போச்சு. பழைய சத்தம் வரணும்."

"செத்தவன் செருப்பு உனக்கு என்னத்துக்கு மக்கா? புதுசா ஒண்ணு தச்சுத் தாறேன்."

"எனக்கில்ல, அம்மைக்கு. இதைப் போட்டுக்கிட்டு நான் அண்ணனா நடக்கப் போறேன்."

சாயிபு கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தார். "பொய்யில்லியா அது?"

"அவ கண்ணை மூடுகது வரைக்குந்தான். நிம்மதியாப் போட்டும், சாயிபு."

சாயிபு செருப்பைப் பிரித்தார். நடுத்தோலை எடுத்துப் போட்டு வேறு வைத்தார். தம் காலில் மாட்டி நடந்து பார்த்தார், அந்தச் சத்தம் வரவில்லை. திரும்பப் பிரித்தார். கடைசியில் ஜெபதாஸ் அதைப் போட்டுக்கொண்டு கடை வாசலில் நடந்தபோது, சாயிபு தம்மை அறியாமல் தெருவை எட்டிப் பார்த்தார், ரசலையன் வருகிறானோ என்று. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டில் எண்ணியபடியே நடந்தது. கிறீச் என்று கேட்டதும் பூங்கனி முகம் மலர்ந்தது. அன்று கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தாள். ஜெபதாஸ் அவள் நெற்றியில் கை வைத்துவிட்டு, பேசாமல் வெளியே போய்க் கிணற்றடியில் நின்று அழுதான்.

அப்படித் தினமும் அண்ணனாக வந்தான். தானாக ஒரு நாளும் வரவில்லை. வாயைத் திறந்தால் அழுகைதான் வரும் என்று பயம். "சின்னவன் குளச்சலுக்குத் தேங்கா எடுக்கப் போயிருக்கான்னு சொல்லு" என்று தங்கை ராஜபாயிடம் சொல்லி வைத்தான். மடையன்! செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போய் இரண்டு வார்த்தை பேசக்கூடாதா என்று எனக்கு ஆத்திரமாக வரும். நமக்கென்ன, சொல்லிவிடலாம். அண்ணனைப் பறிகொடுத்தவன் அவனல்லவா?

கொஞ்ச நாளில் பூங்கனி மறுபடியும் கஞ்சியைத் தள்ளிவிட்டாள். "ஏட்டி, செருப்புத் தைக்கிற சாயிபைக் கூட்டிட்டு வா" என்றாள் ராஜபாயிடம்.

குட்டு வெளிப்பட்டுவிட்டது என்றே சாயிபு நினைத்தார். பயந்துகொண்டே போனார். கட்டில் ஓரத்தில் ஜெபதாஸ் அந்தச் செருப்போடு நின்றிருந்தான்.

"சாயிபே, நீரு அஞ்சு நேரமும் தொழுகிற மனுசன். பொய் சொல்லப்பிடாது. என் பிள்ளை செத்துப்போனான், இல்லியா?"

சாயிபு மருந்தைப் பற்றிக் கேட்டுப் பேச்சை மாற்றப் பார்த்தார்.

"என்னத்துக்கு மறைக்கிய? கண்ணுதான் இல்ல, காது இருக்குல்லா? அடுக்களையில ராஜபாய் அழுகது கேக்கு. மூத்தவன் என் நெத்தியில வைக்கிற கை கிடந்து நடுங்குகு. ஜெபதாசு குளச்சல்ல இல்ல. உசுரோட இருந்தா அவன் வாய் இத்தனை நாளு சும்மா இருக்குமா?"

சாயிபுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் ஜெபதாஸின் காலில் கிடந்த செருப்பைப் பார்த்தார்.

ஜெபதாஸ் அவள் காலடியில் விழுந்தான். "அம்மா, நான்தான் ஜெபதாஸ். இங்கதான் இருக்கேன். நேத்து சந்தையில ஒரு கூத்து கேளு, ஒருத்தன் அழுகின தேங்காயக் கொண்டுவந்து எங்கிட்டயே விக்கப் பாக்கான்..." அடக்கி வைத்த பேச்செல்லாம் அழுகையும் சிரிப்புமாகக் கொட்டியது.

பூங்கனி அவன் தலையைத் தடவினாள். "சின்னப்பிள்ளையில விளையாடுன மாதிரி விளையாடாத மக்கா, ரசலையா. அப்படியே அவனாட்டுதான் பேசுக. ஆனா உன் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியாதா?"

ஜெபதாஸ் உயிரோடு இருப்பதை நிரூபிக்க ஒரே வார்த்தை போதும். செத்தது அண்ணன் என்று சொன்னால் போதும். வாயைத் திறந்தான். அம்மாவின் கை நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

"எங்க மக்கா அடக்கம் பண்ணிய?"

"திருவனந்தபுரத்துல, அம்மா."

"நீ பக்கத்துல இருந்தியா?"

"இல்லம்மா. நல்ல மழை. நான் போகதுக்குள்ள முடிஞ்சு போச்சு."

அவள் ஓசையில்லாமல் அழுதாள். அதற்குமேல் அவனால் அங்கே இருக்க முடியவில்லை. எழுந்து வாசலைப் பார்த்து நடந்தான். கிறீச், கிறீச்.

பூங்கனி அந்தச் சத்தம் போகிற பக்கமாக முகத்தைத் திருப்பினாள்.

"இவனையாவது கர்த்தர் விட்டு வச்சாரே, சாயிபே" என்றாள்.