பத்தில் ஒன்பது மூட்டுகள்

அன்று எங்கள் முன்னறையில் இருந்தவர்கள் இவர்கள்தான்: நான், என் தம்பி, தம்பி மனைவி, பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்யும் அவர்களுடைய மகள், வாயைத் திறந்தால் மூன்று தெருவுக்குக் கேட்கும் என்பதால் எல்லோரும் ‘மைக்’ என்று அழைக்கும் அவளுடைய தாய்மாமன், மூட்டுவலிக் களிம்புக் கம்பெனியிலிருந்து வந்திருந்த விளம்பரக்காரர். வேறு ஒருவரும் இல்லை. வீட்டுப் பக்கமே எட்டிப் பார்க்காத சொந்தக்காரர்கள் இன்று கூடவே உட்கார்ந்திருந்ததைப்போலக் கதை அளந்து திரிவதால் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

விளம்பரக்காரர் வந்த காரணம், நாற்சந்தியில் தொங்கிய பதாகை. அதில் எங்கள் வீட்டுப் பெண் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்பாள். அவளுக்கு வெள்ளைக் கோட்டே கிடையாது. அவள் வேலை கேள்வி கேட்பதும் கணினியில் ஏற்றுவதும். கோட்டு கம்பெனி கொடுத்து, படம் எடுத்ததும் திரும்ப வாங்கிக்கொண்டது. பக்கத்தில் பத்து மனித உருவங்கள். ஒன்பது பச்சை, ஒன்று சாம்பல். “பத்தில் ஒன்பது பேருக்கு மூட்டுவலி பறந்தது! பல்கலைக்கழக ஆய்வில் நிரூபணம்!” அடியில் எறும்பு ஊர்ந்ததுபோல ஒரு வரி: “பலன் ஆளுக்கு ஆள் மாறுபடலாம்.” பெரிய எழுத்தில் கொடுத்ததைச் சின்ன எழுத்தில் பிடுங்கிக்கொள்ளும் வித்தை அது.

பத்தில் ஒன்பது என்று படிக்கிறவன் என்ன நினைப்பான்? ஊர் ஊராகப் போய் ஆயிரக்கணக்கானவர்களைச் சோதித்து விகிதம் எடுத்திருக்கிறார்கள் என்று நினைப்பான். அவள் ஆய்வில் மொத்தமே பத்துப் பேர்தான். களிம்பு பூசாத இன்னொரு பத்துப் பேரோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களா என்றால் அதுவும் இல்லை. நான் ஓய்வு பெறும்வரை நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவன். பொய்ச்சாட்சிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களாவது கூண்டில் ஏறி முகத்தைக் காட்டிச் சொன்னார்கள். குறுக்கு விசாரணைக்கும் நின்றார்கள். பதாகையை யார் விசாரிப்பது?

தம்பிக்கோ தலைகால் புரியவில்லை. மகளின் பெயரோடு அவன் பெயரும் ஒட்டிக்கொண்டு அங்கே தொங்கியதே! வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் நாற்சந்திக்கு நடத்திப் போய்க் காட்டினான். இப்போது கம்பெனி அதையே தொலைக்காட்சியில் காட்டப் போகிறதாம்.

“ரொம்ப சிம்பிள் சார்,” என்றார் விளம்பரக்காரர். “மேடம் கீழே நிப்பாங்க. குடும்பம் மொத்தமும் சிரிச்சுக்கிட்டே மாடிப்படி ஏறணும். அம்மா முதல்ல. அவ்வளவுதான்.”

தம்பி மனைவி முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். “படியா? ஐயோ, அது நம்மால ஆகாதுப்பா. கீழே உட்கார்ந்தே சிரிச்சா போதாதா? நல்லாவே சிரிப்பேன்.”

மகள் நிமிர்ந்து பார்த்தாள். “ஏம்மா ஆகாது? வலி குறைஞ்சிடுச்சுன்னு சொன்னியே?”

“நீ கேட்டே, சொன்னேன். புள்ளை கண்ணு முழிச்சுப் படிக்குது. அது மூஞ்சியைப் பார்த்து இல்லைன்னு சொல்ல வாய் வருமா?”

“அப்போ குறையவே இல்லையா?”

“குறையும் குறையும். இப்ப எதுக்கு அது?”

மைக் தொடையைத் தட்டிச் சிரித்தார். “இதுக்கா முகத்தைத் தூக்கி வச்சுக்கறே? நான் அந்த டப்பாவைத் திறக்கவே இல்ல. நாத்தம் தாங்கல. ஆனா உனக்காக ‘நல்ல முன்னேற்றம்’னு சொன்னேன்ல? தாய்மாமன்னா சும்மாவா!”

“திறக்காம நாத்தம் எப்படி மாமா தெரிஞ்சுது?”

“உங்க அத்தை திறந்தாளே. அவளும் உடனே மூடிட்டா. அவளும் முன்னேற்றம்னுதான் சொன்னா.”

தம்பி தொண்டையைச் செருமினான். “எனக்கு நெஜமாவே குறைஞ்சுதும்மா. அப்ப டாக்டர் குடுத்த வலி மாத்திரையும் சாப்பிட்டுக்கிட்டிருந்தேன். அது வேற விஷயம்.”

“அது வேற விஷயம் இல்லப்பா,” என்றாள் அவள். “அதுதான் விஷயம்.”

ஒன்பது பச்சை உருவங்களும் சொந்தக்காரர்கள்தான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இந்த மூவரோடு சித்தி, அத்தைகள், அவர்கள் வீட்டுக்காரர்கள். சாம்பல் உருவம் மாடியில் வாடகைக்கு இருப்பவர். அவருக்கு இவள் மருமகளும் இல்லை, பேத்தியும் இல்லை. வலி அப்படியே இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். நீதிமன்றத்தில் சொந்தக்காரன் சாட்சி சொன்னால், கடைநிலை ஊழியன்கூட ஒரு புருவத்தைத் தூக்குவான். பல்கலைக்கழகத்தில் அதற்கு நிரூபணம் என்று பெயர்.

எனக்கும் இரண்டு முழங்கால்கள் இருக்கின்றன, இரண்டும் வலிக்கின்றன, அதே வீட்டில்தான் இருக்கிறேன். என்னை யாரும் கேட்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

“பெரியப்பாவை நான் வேணும்னேதான் சேர்க்கல. ஒத்துழைக்கிற ஆளா பாருன்னு எங்க பேராசிரியர் சொன்னார். நீங்க வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுவீங்க. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் விட்டேன்.”

விளம்பரக்காரர் மட்டும் கலங்கவில்லை. அந்தத் தொழிலில் கலக்கம் வராமலிருக்கத் தனிப் பயிற்சி கொடுப்பார்கள்போல.

“டென்ஷன் ஆகாதீங்க மேடம். அவங்க சொன்னாங்க, நீங்க எழுதினீங்க, நாங்க போட்டோம். இதுல யாரு பொய் சொன்னா, சொல்லுங்க?”

“‘ஓரளவு குறைந்ததாகக் கூறினர்’னுதான் இதழ்ல வந்த கட்டுரையில நான் எழுதினேன். ‘பறந்தது’ எங்கேயிருந்து வந்துச்சு?”

“அது கிரியேட்டிவ், மேடம்.”

“கூறினர்னு எழுதினதை நிரூபணம்னு ஆக்கினது?”

“அதுவும்தான்.”

தம்பி என் பக்கம் திரும்பினான். வீட்டு மானம் என்று பேச்சு வந்தால் என் பக்கம் திரும்புவதுதான் அவர்கள் வழக்கம். “அண்ணா, நீங்களே சொல்லுங்க. இதை வெளியே சொன்னா மானம் போயிடும். பட்டமும் போயிடும்.”

“எவன் வந்து முழங்காலைப் பிரிச்சுப் பார்க்கப் போறான்?” என்றார் மைக். “பேசாம சிரிச்சுக்கிட்டே படி ஏறுவோம். தங்கச்சியை நான் தூக்கிக்கறேன்.”

“மானம் வீட்டுக்குள்ள இருந்தாத்தானே போறதுக்கு?” என்றேன். “அது ஒரு மாசமா நாற்சந்தியில தொங்குது. போறவன் வர்றவன் எல்லாம் அதை நம்பிக் களிம்பு வாங்கித் தேய்ச்சுக்கிட்டிருக்கான்.”

என் பதிலுக்காகத் தம்பி மகள் காத்திருக்கவில்லை. நான் பேசி முடிப்பதற்குள் கைப்பேசியில் பேராசிரியரை அழைத்துவிட்டாள். அவர் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

“சின்ன விஷயத்தைப் பெரிசாக்காதேம்மா. அடுத்த கட்டுரையில ‘ஆய்வின் வரம்புகள்’னு ஒரு பத்தி சேர்த்துக்கலாம். எல்லாரும் செய்யறதுதானே?”

“இது வரம்பு இல்ல சார். களிம்பைத் திறக்காதவங்களும் இதுல இருக்காங்க. கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன்னு இதழுக்கு இன்னிக்கே எழுதிடறேன்.”

“முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். பட்டம் எப்ப வரும்னு என்னைக் கேட்கக் கூடாது. புரியுதா?”

“புரியுது சார்.”

புரிந்துதான் சொன்னாள். அவள் அம்மா அழுதாள், தன் முழங்கால்தான் மகளின் படிப்பைக் கெடுத்தது என்று. நான் யாரையும் தேற்றவில்லை. எங்கள் வீட்டில் ஒருத்திக்காவது முதுகெலும்பு இருக்கிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

“என் படத்தை எடுத்துடுங்க,” என்றாள் விளம்பரக்காரரிடம்.

“தாராளமா எடுத்துடலாம் மேடம்.” அவர் கொஞ்சம் யோசித்தார். “அந்த ஒன்பது பேரு மட்டும் இருக்கட்டுமா?”

அவரை வாசல்வரை கொண்டு விட்டது நான்தான். மரியாதைக்காக அல்ல, போகிறாரா என்று பார்க்க.

பல்கலைக்கழகம் தன் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டது. பதாகையில் இப்போது வேறொரு பெண் நிற்கிறாள், அதே வெள்ளைக் கோட்டில். “ஆயிரம் குடும்பங்களின் நம்பிக்கை” என்று போட்டிருக்கிறார்கள். ஆயிரம் யார் எண்ணியது என்று யாரும் கேட்கவில்லை. சொந்தக்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை. தாங்கள் ஆசையாகச் சொன்ன பொய்யை அவள் மதிக்கவில்லை என்பதுதான் அவர்கள் வருத்தம். சித்தி இரண்டு மாதமாகப் பேசுவதில்லை.

அவர்கள் பரப்பும் பேச்சு இதுதான்: தன்னைச் சேர்க்கவில்லை என்ற ஆத்திரத்தில் பெரியப்பா பல்கலைக்கழகத்துக்குப் புகார் எழுதினார், அவளை அங்கிருந்து நீக்கிவிட்டார்கள். இரண்டும் பொய். நான் யாருக்கும் ஒரு வரி எழுதவில்லை. அவளை யாரும் நீக்கவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெற்றது அவள். பட்டம் தள்ளிப் போயிருக்கிறது. அதே களிம்பை இப்போது முன்பின் தெரியாதவர்களுக்குக் கொடுத்துச் சோதிக்கிறாள். பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் களிம்பு, யார் கையில் எது என்பது அவளுக்கே தெரியாது. முடிவு இன்னும் வரவில்லை.