செண்பகம் கேட்ட சாவி

கும்மிடிப்பூண்டி பக்கத்து மார்க்கெட் ஒன்றில் கீரை விற்கும் செண்பகம், விடியலில் கடை விரித்தால் மத்தியானம் இரண்டு மணி வரை சொட்டுத் தண்ணீர் குடிக்கமாட்டாள். குடித்தால் போக இடம் வேண்டுமே. பெண்களுக்கென்று கட்டிய கழிப்பறை இருக்கத்தான் இருந்தது, பெயின்ட் கூட உதிராமல். பூட்டும் இருந்தது. இப்படியே போனால் கிட்னி போய்விடும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அவளுக்குச் சுருக்கென்றது. கூடக் கடை போடும் பதினோரு பெண்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு சாவி கேட்டு மார்க்கெட் ஆபீசுக்கு நடையாய் நடந்தாள்.

சுத்தம் என்றால் செண்பகம் உயிரை விடுவாள். அழுகல் தழை ஒன்று அவள் கடையில் கிடக்காது. விற்காத கீரையை மட்டும், எல்லாரையும் போல, சாயங்காலம் வாட்ச்மேன் ஆதிநாராயணனிடம் விட்டுப் போவாள். காலையில் அப்போதுதான் பறித்தது மாதிரி வந்து சேரும். எங்கே வைக்கிறார் என்று ஒருத்தியும் கேட்டதில்லை. நல்லது நடக்கும்போது யார்தான் துருவிக் கேட்கிறார்கள்?

திங்கட்கிழமை காலை, கடை விரிப்பதற்கு முன்பே, ஆபீசிலிருந்து ஒருவர் வந்து கதவைத் திறக்கச் சொன்னார். ஆதிநாராயணன் தலையைச் சொறிந்தார்.

"நாளைக்கு தெறக்கலாமே சார்."

"இப்பவே தெற."

செண்பகம்தான் முதலில் எட்டிப் பார்த்தாள். கழிப்பறைப் பீங்கான் மேல் ஒரு பலகை, அதன்மேல் ஈரச்சாக்கு, சாக்கு முழுக்கக் கீரைக்கட்டுகள். நடுவில் சிவப்பு நூல் கட்டிய புதினா. அந்த நூல் அவளுடையது. சுற்றிலும் எலிப்புழுக்கை.

"உன்கிட்டதான் சுத்தம்" என்று பானு டீச்சர் வாரா வாரம் வாங்கிப் போவது இங்கே கிடந்து வரும் புதினாதான். நேற்று ராத்திரி தன் மகளுக்குத் துவையல் அரைத்துக் கொடுத்ததும் அதேதான்.

"இன்னாண்ணா இது?"

"நீதானம்மா குளுகுளுன்னு இருக்கிற எடமா பாத்து வையின்னு சொன்ன? இத வுட்டா இங்க ஏது? உள்ள ஒருத்தரும் போனதில்ல. சுத்தமாத்தான் கீது."

செண்பகம் திரும்பிப் பார்த்தாள். பதினோரு பேரும் பார்த்துவிட்டார்கள். முதல் கையெழுத்துப் போட்ட மணியம்மாள் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"இத தெறந்துட்டா கீரைய எங்கடி வைக்கிறது? வெயில் காலம் போவட்டும். இத்தினி நாளு அடக்கிக்கினு இருக்கல?"

மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். எலிப்புழுக்கையைப் பார்த்ததைவிட அதுதான் செண்பகத்துக்குப் பேரதிர்ச்சியாக இருந்தது.

"தெறந்து வுடணுமா, பூட்டணுமா? சீக்கிரம் சொல்லுங்கம்மா" என்றார் ஆபீஸ்காரர்.

செண்பகம் தன் கட்டுகளை வாரிக் குப்பைத்தொட்டியில் போட்டாள். டீக்கடைக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கி வந்து, எல்லார் எதிரிலும் மடக்மடக்கென்று குடித்தாள். பிறகு கழிப்பறை வாசற்படியில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னும் அரை மணி நேரத்துல எனக்கு வந்துடும். பூட்டறவங்க என்னைத் தூக்கிப் போட்டுட்டு பூட்டிக்கங்க."