தகட்டுப் பல்

ரிங்லெட் ஊருக்கு மேலே மலையில் இருந்த தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின்களைப் பழுதுபார்க்கும் பிட்டர் இருளப்பன்தான். இலை கசக்கும் மெஷின் நின்றால் துரையே அவரைத் தேடி வருவார். அப்பேர்ப்பட்ட மனிதர் 1976இல் ஈப்போவுக்குப் போய், விழுந்துபோன கடைவாய்ப் பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் ஓர் உலோகத் தகட்டைப் பதித்து, அதன்மேல் பல் கட்டிக்கொண்டு வந்தார். அன்றோடு லயத்து ஜனங்களின் நிம்மதி போயிற்று.

"கழட்டி வைக்கிற பல்லெல்லாம் பொம்மைப் பல்லுலா. இது எலும்புல நட்டது. நான் சாம்பலானாலும் இது ஆகாது!"

இதைக் கல்யாண வீட்டிலும் சொன்னார், சாவு வீட்டிலும் சொன்னார். இரண்டு வருடம் கழித்து மனைவி நீலாவதிக்கும் ஒரு கடைவாய்ப் பல் போனது. அவள் வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா அவர்? இழுத்துப்போய் அதே மாதிரித் தகட்டை அவளுக்கும் அடித்துக்கொண்டு வந்தார். அதன்பிறகு, "எங்க வீட்டுல அந்த மாதிரி ரெண்டு பல்லு!" என்று பேச்சு மாறியது. மற்ற வீடுகளில் ஆளுக்கு முப்பத்திரண்டு இருந்தன. அவற்றை யார் மதித்தார்கள்?

1985இல் இருளப்பனின் ஈறு வீங்கியது. அழுத்தினால் சீழ் வந்தது. பல் ஆடியது. குளிர்காற்றுதான் காரணம் என்று ஒரு வருடம் தன்னையே ஏமாற்றிக்கொண்டார். இந்தப் பல் விழுந்தால் எந்த முகத்தோடு தொழிற்சாலைக்குள் போவது? கடைசியில், மெஷினுக்கு சாமான் வாங்கப் போவதாகச் சொல்லி ஈப்போவுக்குப் பஸ் ஏறினார்.

தகடு வைத்த மகராசன் ஊரைவிட்டே போயிருந்தார். வேறொரு பல் டாக்டர், திலகம் என்ற பெண், எக்ஸ்ரேயைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

"இந்தத் தகட்டுல பல்லு உக்கார்ற கழுத்து முதல் நாள்லேருந்தே ஈறுக்கு வெளிய நிக்குது. எலும்பு பிடிக்கிறதுக்கு முன்னாலயே கடிக்க ஆரம்பிச்சிட்டீங்க. எலும்பு ஒட்டாம நடுவுல சவ்வு வளர்ந்துடுச்சு. ஒவ்வொரு கடிக்கும் தகடு ஆடுது. அந்தச் சந்துல அழுக்கு இறங்கி, எலும்பு கரைஞ்சுபோச்சு."

"சிமெண்டு காயறதுக்குள்ள மெஷின ஓட்டுன மாதிரியா?"

"அதேதான். இப்பல்லாம் ஸ்க்ரூ மாதிரி வருது. எலும்புக்குள்ள முறுக்கி, மேல ஈற மூடித் தச்சு, மாசக்கணக்கா விட்டுடுவாங்க. நல்லா பிடிச்ச பிறகுதான் பல்லு."

"அப்ப அதையே போடுங்க, டாக்டரம்மா."

"முறுக்க எலும்பு வேணுமே! பக்கத்துப் பல்லு ரெண்டும் சேர்ந்து ஆடுது. மூணையும் எடுக்கணும். ஆரம்பத்துலயே தகட்ட எடுத்திருந்தா எலும்பு தப்பிச்சிருக்கும். வீட்டுல வேற யாருக்காச்சும் இது இருந்தா, வலி இல்லேன்னாலும் உடனே கூட்டிட்டு வாங்க."

ஒரு பல்லைக் காப்பாற்ற வந்தவர் மூன்றைக் கொடுக்க நாள் குறித்துக்கொண்டு திரும்பினார். அடிவாரத்துத் தாப்பா ஊரிலிருந்து பஸ் மலையேறும்போது தன் மானத்தைப் பற்றிய கவலை எங்கோ போய்விட்டது. நீலாவதியின் தாடை என்ன கதியில் இருக்கிறதோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. வேண்டாம் என்றவளை இழுத்துப் போன பாவி நான்தானே என்று உள்ளுக்குள் அழுதார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் டார்ச்லைட்டை எடுத்தார். நீலாவதி கொழுந்துக்காட்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள்.

"வாயத் தொற, புள்ள."

"என்னங்க ஆச்சு உங்களுக்கு?"

"தொறன்னா தொற!"

திறந்தாள். வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பல்லும் இல்லை, தகடும் இல்லை. அந்த இடத்தில் ஈறு புண்ணில்லாமல், குழந்தையின் ஈறு போலச் சுத்தமாக இருந்தது. இருளப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த கையோடு கோபமும் வந்தது.

"எங்கடி பல்லு?"

"வச்ச மூணாம் மாசமே ரத்தம் கசிஞ்சுச்சு. அரசாங்கப் பல் டாக்டர்கிட்ட போய் எடுத்துட்டேன். ஏழு வருசம் ஆச்சு."

"ஏழு வருசமா? ஏன் எங்கிட்ட சொல்லல?"

நீலாவதி கூடையை இறக்கி மூலையில் வைத்தாள்.

"சொன்னா, இன்னொண்ணு நடுறதுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பீங்க."