யாருமில்லாத தொட்டி

தொட்டிக்கு மாறிய பிறகு எனக்கு இடுப்புவலி இல்லை. முழங்கால் வரை தேங்காய் நார்த்தூள். அதற்கு மேலே நான். பால்கனியின் கிழக்கு மூலையில், துணிக்கொடிக்குக் கீழே நிற்கிறேன்.

மண்ணில்தான் நின்றிருக்க வேண்டும். ஆனால் எங்கள் அடுக்குமாடியில் மூன்றாம் மாடிக்கு மேல் மண் ஏறக்கூடாது. கனமாம். நாங்கள் இருப்பது ஏழாம் மாடி. என் மனைவி மயிலாத்தாள் நார்க்கட்டியை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டாள். அது பொங்கி வாளிக்கு மேலே வந்தது. உப்புப் போக அலசிப் பிழிந்து என்னைச் சுற்றி நிரப்பினாள்.

“குத்துதுங்களா?” என்றாள்.

“இல்ல. மெத்துனு இருக்குது.”

அலுவலகத்துக்குச் சொல்லி அனுப்பினேன். என்ன செடி என்று கேட்டார்கள். இன்னும் தெரியவில்லை என்றேன். தெரிந்ததும் விடுப்பு தருவதாகச் சொன்னார்கள்.

கொஞ்ச காலம் நன்றாகத்தான் போனது. பிறகு என் கீழ் இலைகள் மஞ்சளாயின. மஞ்சள் ஒவ்வொரு இலையாக மேலே ஏறியது. மயிலாத்தாள் ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை.

கடையில் விற்கும் உப்பு உரத்தை அவள் வாங்கவில்லை. “உங்களுக்கு பிரஷர் இருக்குதுங்க” என்றாள்.

அவளே தயாரித்தாள். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்தாள். மீனைக் கையால் தொட்டறியாதவள், மீன் கழிவில் வெல்லம் போட்டு ஜாடியில் மூடி வைத்தாள். வடிந்த சாற்றை நிறையத் தண்ணீர் விட்டு எனக்குக் கொண்டுவந்தாள்.

அந்த வாரம் எங்கள் ஹால் நீண்டுவிட்டது. காலையில் சமையலறையில் குவளையோடு கிளம்பினால் பால்கனிக்கு வரச் சாயங்காலம் ஆனது. வரும்போது தலைமுடி கொஞ்சம் நரைத்திருக்கும். குவளை மட்டும் தளும்பியிருக்காது.

“வழியில ஒக்காந்துட்டனுங்க” என்பாள். “இந்தாங்க, குடிங்க.”

ஊற்றியது என் காலடியிலேயே கிடந்தது. எனக்குள் ஏறவில்லை. சோற்றுக்கு நடுவே நின்றுகொண்டு பசித்திருந்தேன். அவளிடம் சொல்லவில்லை. அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறாள்.

அவள் தன் அண்ணன் வெள்ளியங்கிரிக்குப் போன் செய்தாள். அவர் குரல் பால்கனி வரை கேட்டது.

“அன்னூர்த் தோட்டத்துக்குக் கொண்டாந்துரலாம் மயிலு. நல்ல செம்மண்ணு. கெணத்தோரமா நட்டுவுட்டரலாம். நீ ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்து பாத்துக்க.”

அவள் வந்து, ஏற்கெனவே மடித்திருந்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

“போறீங்களா?” என்றாள்.

“நீ?”

“எனக்கு வேரில்லீங்களே.”

இரண்டு பேரும் தெருவைப் பார்த்தோம். தெருவில் ஒன்றும் இல்லை. அப்போதுதான் சொன்னேன்.

“மயிலு, கீழ யாருமே இல்ல.”

“எங்கீங்க?”

“காலுக்கடியில. நீ வெச்ச சோறு வெச்சபடியே கெடக்குது. பெசஞ்சு குடுக்க ஆளில்ல.”

அவள் மண்டியிட்டுத் தொட்டியில் காதை வைத்தாள். வெகுநேரம் கழித்துத்தான் காதை எடுத்தாள்.

“ஆமாங்க” என்றாள். “எங்கண்ணன் தோட்டத்து மண்ணுல எப்பப் பாத்தாலும் பேச்சுச் சத்தம் இருக்கும். இது ஆளில்லாத வீடாட்ட இருக்குது. அழச்சுட்டு வந்தர்றனுங்க.”

செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது டிபன் பாக்ஸ் நிறைய மண்புழு உரம். லிப்டில் காவலாளி நிறுத்தினாராம்.

“மண்ணுங்களா?”

“இல்லீங்க. சொந்தக்காரங்க.”

விட்டுவிட்டார்.

அவள் உரத்தைத் துணியில் கட்டி, வெல்லத் தண்ணீரில் தொங்கவிட்டாள். எதிர்வீட்டு மீன்தொட்டி மோட்டாரை இரவல் வாங்கி வாளிக்குள் போட்டாள். தண்ணீர் நுரைத்துக்கொண்டே இருந்தது. “வர்றவங்களுக்கு மூச்சு முட்டக்கூடாதுல்லீங்க?” என்றாள். மறுநாள் அந்தத் தண்ணீரை என் காலில் ஊற்றினாள்.

அவர்கள் வந்தார்கள். மண்ணில் வாழ்கிறவர்கள், கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவர்கள். கோடிக்கணக்கில். ஆனாலும் தள்ளுமுள்ளு இல்லை. உள்ளே வருவதற்கு முன் ஒருவர் மட்டும் கேட்டார்.

“தண்ணி தேங்குங்களா?”

“தேங்காது. அடியில ஓட்ட இருக்குது.”

“காத்து?”

“நல்லா வரும்.”

“அப்ப இருக்கறமுங்க.”

புண்ணாக்கையும் மீன்சாற்றையும் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாப்பிட்டு மிச்சம் வைத்தது எனக்குள் ஏறியது. காய்ச்சலில் கிடக்கும்போது யாரோ குழையப் பிசைந்து ஊட்டுவதுபோல இருந்தது. விடியும்போது என் இலை நுனிகளெல்லாம் சொட்டின. மயிலாத்தாள் முந்தானையால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளியங்கிரி வந்துவிட்டார். கீழே டெம்போ நின்றது. தோளில் மண்வெட்டி. ஹாலைக் கடந்து வந்ததில் வியர்த்திருந்தார்.

“கெளம்பலாங்களா மாப்ளே?”

மயிலாத்தாள் சுவரோரம் போய் நின்றாள். என் பழுத்த இலைகள் உதிர்ந்திருந்தன. புதுத்துளிர் ஒன்றே ஒன்றுதான் வந்திருந்தது. அதைக் காட்டினால் ஒப்புக்கொள்வாரா என்று தெரியவில்லை.

அவர் தொட்டியைச் சாய்த்து, விளிம்பைத் தட்டி, என்னை மெதுவாக வெளியே இழுத்தார். நார்த்தூள் முழுக்க வெள்ளை வேர். உள்ளேயிருந்து முணுமுணுப்பு வந்தது. அவர் குனிந்து கேட்டார்.

“உள்ளுக்க என்னங்க மாப்ளே, விசேஷமா?”

“குடி வந்திருக்கறாங்க மச்சான்.”

அவர் என்னைத் தூக்கிக் கையிலேயே வைத்திருந்தார். குழந்தையை வைத்திருப்பதுபோல. பிறகு மறுபடியும் தொட்டிக்குள் இறக்கி, ஓரத்தை விரலால் அமுக்கிவிட்டார்.

“செரி” என்றார். “சோத்தப் போடு மயிலு. தின்னுபோட்டுக் கெளம்பறேன்.”

அவர் போன பிறகு மயிலாத்தாள் தன் கட்டிலைப் பால்கனிக்கு இழுத்துவந்து போட்டாள். ஹால் இன்னும் நீளமாகத்தான் இருக்கிறது. இனி நடக்க முடியாது என்றாள். கட்டிலில் உட்கார்ந்து தொட்டியை எட்டிப் பார்த்தாள்.

“ஏனுங்க, அவங்களுக்கு இன்னிக்கி என்னங்க வேணுமாம்?”

கீழே கேட்டேன். சொன்னார்கள்.

“உன்னையப் பாடச் சொல்றாங்க.”

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் என் முன்னால் பாடியதில்லை. முகம் சிவந்துவிட்டது. பக்கத்துப் பால்கனிகளைப் பார்த்தாள். பிறகு குனிந்து, நார்த்தூளில் உதடு படுமளவு நெருங்கி, எனக்குக் கேட்காதபடி அவர்களுக்கு மட்டும் பாடினாள்.

காதில் ஒன்றும் விழவில்லை. வேர் முழுக்கக் கேட்டது.